கைக்கடிகாரத்தின் விலையும் பெட்டிமேல் எழுதும் விலையும்

1

குவைத்துக்கு வந்து இந்த மாதத்தோடு பதினேழு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் இந்தத் தேதியை நினைவு வைத்துக்கொண்டு அறையில் சேமியா பாயசம் வைத்தோம். அப்புறம் மறந்துபோயிற்று. இந்த முறை நினைவுக்கு வந்ததற்குக் காரணம், அன்று மத்தியானம் என் மகன் லோகேஷ் அனுப்பிய ஒரு கைக்கடிகாரத்தின் படம்.

என் பிள்ளைகள் பவானியும் லோகேஷும் படிக்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நாளைக்கு அவர்களுடைய பிள்ளைகள் கையில் கிடைத்தாலும் புரியவேண்டும் என்பதால் எல்லோரையும் பெயர் சொல்லியே எழுதுகிறேன். நான் ஆந்திராவில் இருக்கும் நகரியில் எட்டாவது வரை தமிழில் படித்தவன். பிள்ளைகள் தெலுங்கில் படித்தார்கள். லோகேஷுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். பவானி படித்துக் காட்டுவாள். படித்துக் காட்டும்போது நடுவில் எதையும் விட்டுவிடாதே அம்மா, உன்னைப் பற்றியும் ஒரு இடம் வருகிறது.

என் வேலை ஒரு கார்கோ குடோனில். ஊர்க்காரர்கள் வீட்டுக்கு அனுப்பும் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, எடை போட்டு, உள்ளே என்ன இருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்று மேலே எழுதவேண்டும். அன்று ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது போனில் லோகேஷின் குரல் வந்தது.

"நைனா, துன்னுட்டியா? ஒரு போட்டோ அனுப்பிக்கீறேன் பாரு. அறுவது வருஷத்து சுவிஸ் வாட்ச்சு. சாவி குடுத்தா ஓடறது. ஐரோப்பாவுல ஒருத்தர் விக்கிறாரு. மாப்பிள்ளைக்கு இத்த கட்டலாம் நைனா. அவருக்குப் பழைய வாட்ச்சுன்னா உயிரு."

மாப்பிள்ளை என்றது பவானிக்கு நிச்சயமான ஹரீஷை. புத்தூர்ப் பையன். திருப்பதியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளையின் மணிக்கட்டில் கடிகாரம் கட்டி மணையில் உட்காரவைப்பான். நகரிக் கடையில் புதிதாக ஒன்று வாங்கி டப்பாவோடு கொடுப்பதுதான் வழக்கம். அறுபது வருடத்துப் பழசை, அதுவும் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதை நான் கேள்விப்பட்டதில்லை.

படத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குள் வந்த கேள்வி ஒன்றுதான். இதைக் கேட்டது யார்?

பெண் பார்க்க வந்தபோது அவர்கள் "எங்களுக்கு எதுவும் வேணாம், பொண்ணு போதும்" என்று சொல்லியிருந்தார்கள். எதுவும் வேண்டாம் என்று ஆரம்பித்து, கல்யாணத்துக்கு முன்னால் வண்டி கேட்பதில் வந்து நின்ற கதைகளை என் அறையிலேயே நான்கு பேர் சொல்வார்கள். இன்றைக்குக் கைக்கடிகாரம் என்றால் நாளைக்கு என்ன? அப்படிப்பட்ட வீடாக இருந்தால், பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளவேண்டும். இது பவானியின் வாழ்க்கை.

சந்தேகம் எனக்கு இந்த வேலை கொடுத்த குணம். மேலே பிஸ்கட் என்று எழுதிய பெட்டிக்குள் இஸ்திரிப்பெட்டியைப் பார்த்தவன் நான். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால்கூட ஒரு ஆள் குடோனுக்கு வந்தார். ஆந்திராவுக்குக் கிலோ என்ன ரேட் என்று கேட்டார். அரைமணி நேரம் நின்று நான் பெட்டி கட்டுவதையே பார்த்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். கடைசியில் ஒரு கைக்குட்டைகூட அனுப்பாமல் போய்விட்டார். வேறு கார்கோ கம்பெனி வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று நினைத்து, அவர் போனதும் டேப் சுருள்களை எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

2

லோகேஷ் சொன்ன விலை நம் காசுக்குப் பதினாறாயிரம். "அவ்ளோதான் நைனா" என்றான். அந்த "அவ்ளோதான்" என்ற சொல்லைக் கேட்டாலே நான் பேனாவை எடுத்துவிடுவேன்.

ஒரு பெட்டி மூடியின் பின்பக்கம் எழுதினேன். அங்கிருந்து அனுப்பும் கூலி. வழியில் தொலைந்தால் ஈடு கிடைக்க இன்ஷூரன்ஸ். வெளிநாட்டுக் காசாக மாற்ற பேங்க் எடுத்துக்கொள்வது. அடுத்தது சுங்க வரி. அதைக் கேட்க எங்கள் குடோனில் காகிதம் பார்க்கும் ஷாஜியிடம் போனேன். கோட்டயத்துக்காரர். என்னோடு தமிழ் என்று நினைத்துக்கொண்டு ஒரு பாஷை பேசுவார்.

"அண்ணா, வாட்ச் கிழவனோ குழந்தையோ, கஸ்டம்ஸ்காரனுக்கு வித்தியாசம் இல்லா. வாட்ச் விலைக்கு மட்டும் இல்லா, அனுப்புற கூலி, இன்ஷூரன்ஸ், எல்லாம் கூட்டி அதுக்கு மேல வரி. அப்புறம் கொரியர்காரன் பேப்பர் நீட்டினதுக்கு ஒரு சார்ஜ். உங்க மகன்ட ஆதார், பான் எல்லாம் கேக்கும். பேர்ல ஒரு எழுத்து மாறினா பெட்டி அங்க உறங்கும்."

எங்கள் வீட்டில் இனிஷியல் ஒரு அட்டையில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். நான் இங்கே என் அடையாள அட்டையைப் புதுப்பிக்கிறபோதெல்லாம் அந்த ஒரு எழுத்துக்காக மூன்று கவுண்டர் ஏறி இறங்குகிறவன். அதையும் எழுதிக்கொண்டேன்.

பெட்டி வந்து சேர்ந்த பிறகு? திருப்பதியில் ஒரு கடிகாரக் கடையில் லோகேஷை விசாரிக்கச் சொன்னேன். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும், கண்ணாடி மாற்றவேண்டும், வார் புதிதாகப் போடவேண்டும், ஒரு பல்சக்கரம் தேய்ந்திருந்தால் அதைத் தேடுவதற்கே மாதக்கணக்கு ஆகும் என்றாராம். பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால் கூலி நம்முடையது, கட்டிய வரியைத் திரும்ப வாங்க நாம்தான் அலையவேண்டும்.

கூட்டினால் இருபத்தேழாயிரம். என் கணக்கில் அது இருபத்திரண்டு நாள் சம்பளம். கல்யாணத்துக்காக நாற்பது நாள் லீவு சேர்த்து வைத்திருந்தேன். எடுக்காத லீவைக் கம்பெனி காசாகத் திருப்பிக் கொடுக்கும். நிச்சயதார்த்தத்தை நான் போனில்தான் பார்த்தேன். யாரோ போனை ஒரு சொம்பின்மேல் சாய்த்து வைத்ததில் பாதி நேரம் எனக்குப் பந்தல் துணிதான் தெரிந்தது. இந்தக் கடிகாரம் வாங்கினால் கல்யாண வீட்டில் எனக்குப் பதினெட்டு நாள். போக ஒரு நாள், வர ஒரு நாள் கழித்துக்கொள்ளுங்கள்.

3

வரி அதிகம் என்று லோகேஷ் அந்த விற்பவருக்கு எழுதியிருக்கிறான். உடனே பதில் வந்துவிட்டது: கவலைப்படாதீர்கள், பெட்டிமேல் 'பரிசு' என்று எழுதி மதிப்பைக் குறைத்துப் போட்டுவிடுகிறேன்.

"நல்ல மன்சன் நைனா" என்றான் லோகேஷ்.

"கவர்மெண்டுக்குப் பொய் எழுதறவன் உனக்கு மட்டும் நெஜம் எழுதுவானாடா?"

"இன்னா நைனா நீ, நம்ம நல்லதுக்குத்தானே செய்யறாரு?"

"பெட்டி காணாமப் போச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் மேல எழுதினத்தான் குடுப்பான். உள்ள இருந்தத்த குடுக்க மாட்டான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. பவானி, இந்த இடம்தான்.

நீ பத்தாவது முடித்து இண்டர் முதல் வருடம் சேர்ந்தபோது நான் ஒரு பழைய லேப்டாப் வாங்கி அனுப்பினேன். வரி வரக்கூடாது என்று பெட்டிமேல் 'பழைய துணி' என்று என் கையாலேயே எழுதினேன். பெட்டி வந்து சேரவில்லை. நீ தினமும் போனில் கேட்டாய். கப்பலில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று சொன்னேன். கப்பலில் தண்ணீர் புகவில்லை. பெட்டி எங்கேயோ தொலைந்தது, பழைய துணிக்குக் கிலோக்கணக்கில் என்ன ஈடு உண்டோ அதைக் கொடுத்தார்கள். லேப்டாப் இருந்தது என்று நான் எந்த வாயால் சொல்லமுடியும்? எழுதியது நான். நீ இரண்டு வருடம் ஒரு சிநேகிதி வீட்டுக்கு நடந்துபோய்ப் படித்தாய். அதற்கான காரணம் கடலில் இல்லை, என் பேனாவில் இருந்தது.

4

பொய் எழுதத் தயாராக இருக்கிறவர் அனுப்பிய படத்தை இனிமேல்தான் ஒழுங்காகப் பார்க்கவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

குவைத்துக்கு வருமுன் நான் நகரியில் பவர்லூம் துணியைச் சரிபார்க்கும் வேலை செய்தவன். ஒரு சின்னக் கண்ணாடியைத் துணிமேல் வைத்து, ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணவேண்டும். ஒரு இழை விட்டுப்போனாலும் கண் அங்கே போய் நிற்கும். அந்த வேலை போனாலும் கண் போகவில்லை. படத்தைப் பெரிதாக்கி, கடிகார முகத்தில் நிமிடக் கோடுகளை எண்ணினேன். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு கோடு தடித்திருந்தது. கம்பெனிப் பெயரின் கடைசி எழுத்து ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது. மெஷினில் அச்சடித்தது இப்படி இறங்காது. யாரோ பழைய முகத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறார்கள்.

"பின்மூடியைக் கழட்டி உள்ள போட்டோ கேளு" என்றேன்.

கேட்டான். வந்தது. விற்பவர் உள்ளே இருக்கும் சுவிஸ் முத்திரையைக் காட்டத்தான் அனுப்பியிருக்கிறார். நான் பார்த்தது மூடியின் ஓரத்தை. கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் அடுத்த முறை அடையாளம் தெரிவதற்காக அங்கே ஊசியால் ஒரு குறி கீறி வைப்பார்கள். நாலைந்து கீறல்கள் இருந்தன. கடைசியில் இருந்ததைப் பார்த்ததும் போனைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். தெலுங்கில் 'சி', பக்கத்தில் ஒரு நம்பர்.

லோகேஷ் போனிலேயே கத்தினான். "நைனா! நம்ம எழுத்து நைனா! சித்தூரா இருக்கும்!"

"சின்னப்பாவா கூட இருக்கும். சிலகலூரிப்பேட்டையா கூட இருக்கும். நீ உடனே நம்பாத."

யாருடைய குறியாக இருந்தாலும், இது நம் பக்கத்திலிருந்து போன கடிகாரம். போய் முகத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டு, 'எல்லாம் அசல்' என்ற பெயரோடு திரும்பி வரப் பார்க்கிறது. அதற்கு நாம் அனுப்பும் கூலியும் வரியும் கட்டவேண்டும்.

"இது வேணாம். உட்டுடு" என்றேன்.

"உனக்கு எல்லார் மேலயும் டவுட்டு நைனா. விக்கிறவன் மேல டவுட்டு, கொரியர் மேல டவுட்டு. போன வாரம் அம்மாகிட்ட, மாப்பிள்ளைதான் கேட்டாரான்னு கேட்டியாமே?"

"கேட்டாரா இல்லியா?"

"அவர் கேக்கல. நான்தான் அவருக்கு இன்னா புடிக்கும்னு விசாரிச்சேன்."

"அப்ப நகரிக் கடையில ஒண்ணு வாங்கினா இன்னா?"

"மேனேஜர் வூட்டுல இருந்து கடைவாட்ச்சு குடுத்தா அவங்க இன்னா நினைப்பாங்க?"

"எந்த மேனேஜரு?"

"நீதான் நைனா."

கையில் இருந்த டேப் சுருளைக் கீழே வைத்துவிட்டேன்.

பெண் பார்க்க வந்த தரகர் 'பொண்ணோட நைனா குவைத்துல கார்கோ கம்பெனி மேனேஜரு' என்று சொல்லி வைத்திருந்தார். நான் சொல்லவில்லை. ஆனால் நிச்சயதார்த்தத்தன்று ஹரீஷின் அப்பா போனில் என்னைப் பார்த்து, "மேனேஜர் காரு, பாகுன்னாரா?" என்று கேட்டபோது, "பாகுன்னானண்டி" என்று சிரித்தேன். நலமா என்று கேட்டதற்குத்தானே பதில் சொன்னோம் என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன். உள்ளே ஒன்று, மேலே ஒன்று எழுதிய பெட்டியாக நானே புத்தூருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறேன். அந்தப் பெயருக்குப் பொருந்தவேண்டும் என்றுதான் என் மகன் அறுபது வருடத்துக் கடிகாரம் தேடியிருக்கிறான்.

இத்தனை நாள் அவர்கள் வீட்டைச் சந்தேகப்பட்டேனே, அவர்கள் சந்தேகப்படவேண்டிய ஆள் நான்.

5

வெள்ளிக்கிழமை இங்கே விடுமுறை. காலையிலேயே குளித்துவிட்டு ஹரீஷுக்குப் போன் செய்தேன். உங்கம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கல்யாணம் முடியட்டும் என்பாள். பவானியிடம் கேட்டிருக்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அவள் கல்யாணத்தை நான் ஒரு போனில் உடைத்திருக்க முடியும். ஆனால் தெரியாமல் போய்ச் சேர்ந்து, பிறகு யாராவது பெட்டியைத் திறந்து பார்த்தால், அந்தச் சொல்லை அவள்தானே தினமும் அந்த வீட்டில் கேட்கவேண்டும்?

"மாமா, நல்லாக்கீறீங்களா? லீவு கன்ஃபார்ம் ஆச்சா?" என்றார் ஹரீஷ். லேபில் இருந்தார். பின்னால் யாரோ டோக்கன் நம்பரைத் தெலுங்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு சொல்லணும் மாப்பிள்ளை. வேலையா கீறீங்களா?"

"சொல்லுங்க மாமா."

"நான் மேனேஜர் இல்ல. பொட்டி கட்றவன். பதினேழு வருஷமா அதான். சம்பளமும் அதுக்கு ஏத்த மாரிதான். தரகர் தப்பா சொல்லிட்டாரு. நானும் சரிபண்ணாம வுட்டுட்டேன். உங்க வூட்ல கலந்து பேசிட்டு எதுன்னாலும் சொல்லுங்க. பவானி மேல தப்பு இல்ல."

டோக்கன் நம்பர் மட்டும் இரண்டு முறை கேட்டது. லைன் போய்விட்டதா என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"மாமா, தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"எங்க சித்தப்பா குவைத்துலதான் கீறாரு, வேற ஏரியா. நிச்சயத்துக்கு முன்னாடி எங்கப்பா அவர அனுப்பி உங்க குடோன்ல பாத்துட்டு வரச் சொன்னாரு. ரேட்டு கேக்கற மாரி வந்து நின்னாராம். கோச்சிக்காதீங்க மாமா."

கைக்குட்டைகூட அனுப்பாமல் போன அந்த ஆள்!

"அப்ப உங்க அப்பா மேனேஜர் காருன்னு கூப்பிட்டாரே?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாக்கறதுக்கு. நீங்க சொல்லல. அவருக்கு அதுதான் கொஞ்சம் வருத்தம். நான்தான் சொல்லிகினு இருந்தேன், சொல்வாரு, டைம் குடுங்கன்னு."

எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சித்தப்பா வந்து இன்னா சொன்னாரு?"

ஹரீஷ் சிரித்துவிட்டார். "ஆளு ஒரு வார்த்தை பேசறதுக்கு ஒம்பது தபா ஏற எறங்கப் பாக்கறாரு, ஆனா தராசுல எடை போட்டா உள்ளத உள்ளபடி சொல்றாரு. ஒரு அம்மா அரைகிலோ கம்மியா எழுதச் சொன்னதுக்கு மாட்டேன்னாராம். பொண்ணு எடுக்கலாம்னு சொன்னாரு."

அந்த அம்மா எனக்கு நினைவில்லை. தினமும் நாலு பேர் அப்படிக் கேட்பார்கள். லேப்டாப் போன பிறகு நான் யாருக்கும் குறைத்து எழுதியதில்லை.

"பர்வாலேது மாமா, நாளைக்கு எங்கப்பாவுக்கு நீங்களே ஒரு போன் போட்டுடுங்க. இத்தையே சொல்லுங்க" என்றார். போட்டேன். அவர் இந்த முறை "பாவா காரு" என்று சம்பந்தி முறை சொல்லி ஆரம்பித்தார். மேனேஜர் என்ற சொல்லே வரவில்லை. அது மன்னிப்பா, இன்னொரு சோதனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோகேஷும் ஹரீஷும் சேர்ந்து பைக்கில் சித்தூர் போனார்கள். மூடியில் பார்த்த குறி யாருடையது என்று விசாரிக்கத்தான். மார்க்கெட் பக்கம் ஒரு கடிகாரக் கடைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது என் கை இல்ல" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டாராம். முன்பு வியாபாரிகள் வந்து பழைய கைக்கடிகாரங்களைக் கூடையாக அள்ளிக்கொண்டு போவார்கள், எங்கேயோ முகம் எழுதி வெளிநாட்டுக்குப் போகும் என்றாராம். அவரிடமே ஒரு தகர டப்பாவில் பத்துப் பன்னிரண்டு இருந்தன. நம் நாட்டில் செய்தவை, சாவி கொடுப்பவை. ஹரீஷ் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கீழே வைக்கவில்லை என்று லோகேஷ் சொன்னான். முகம் மஞ்சளடித்திருந்தது. யாரும் எழுதாத முகம்.

விலை? நகரிக் கடையில் புதிது வாங்குவதைவிடக் குறைவு. எனக்கு உடனே சந்தேகம் வந்தது. பின்மூடியைக் கழற்றி போட்டோ அனுப்பச் சொன்னேன். ரசீதையும் அனுப்பச் சொன்னேன். ரசீது தெலுங்கில் இருந்தது. பொருள், விலை, தேதி. கீழே கடைக்காரர் தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: நாளைக்கு நான்கு நிமிடம் பின்தங்கும். கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு.

அந்த ரசீதை நான் மூன்று முறை படித்தேன். விற்கிறவர் தானாகவே குறையை எழுதிய காகிதத்தை இந்தப் பதினேழு வருடத்தில் நான் பார்த்ததில்லை. வாங்கிவிடு என்றேன்.

நாற்பது நாள் லீவு அப்படியே இருக்கிறது. டிக்கெட் போட்டாயிற்று. பத்திரிகைக்கு மாதிரி வந்தபோது என் பெயருக்குக் கீழே 'மேனேஜர், குவைத்' என்று இருந்தது. தரகர் கொடுத்த காகிதத்தைப் பார்த்து அச்சகத்தில் போட்டுவிட்டார்களாம். 'கார்கோ பேக்கிங், குவைத்' என்று மாற்றச் சொன்னேன். "வெறும் பேரு மட்டும் போட்டா போதாதா நைனா?" என்றான் லோகேஷ். போதாது என்றேன். மேலே எழுதாமல் விடுவதும் எனக்குப் பழக்கமான வேலைதான், அதை நான் இனிமேல் செய்வதாக இல்லை. மாற்றிய மாதிரியை எனக்கு அனுப்பியது பவானிதான். கூடவே ஒரு வரி: "கப்பல்ல தண்ணி பூரலன்னு எனக்கு அப்பவே தெரியும் நைனா."

முகூர்த்தம் வரை கடிகாரம் லோகேஷிடம் இருக்கும். தினமும் காலையில் சாவி கொடுத்து, போனில் இருக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் வைத்து எனக்கு ஒரு போட்டோ அனுப்பவேண்டும், அப்புறம்தான் நேரத்தைச் சரிசெய்யவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். குடோன் திறக்கிற நேரத்துக்கு அது வந்துவிடும். ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் பின்னால் இருக்கும். ஒரு நாள் ஆறு நிமிடம் இருந்தது. கேட்டேன். "நேத்து டைம் வெக்கும்போதே ரெண்டு நிமிஷம் தப்பா வெச்சிட்டேன் நைனா" என்றான். சரி என்றேன். நம்பினேன்.

மறுநாள் படம் வந்ததும் பெரிதாக்கிக் கோடு கோடாக எண்ணினேன். நான்கு.